சத்தம் குறைந்த தோட்டா

தெற்குத் தீவு, நியூசிலாந்து
18 மே 2025

அன்புள்ள தஸ்லிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மச்சான் ரசீத் சுகமாக இருக்கிறேன். காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் விரல்கள் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இங்கே குளிர்காலம் வந்துவிட்டது. உம்மாவின் முட்டுவலிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா?

வெள்ளிதோறும் போனில் பேசத்தானே செய்கிறோம், இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ சிரிப்பாய். உம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். எதிர்வீட்டுக்காரி முதல் மீன்கார மணிராஜ் அண்ணாச்சி வரை எல்லாரும் என்னிடம் நலம் விசாரிக்கிறார்கள். உன் குரல் மட்டும் கடைசியில் "வச்சிரட்டுமா" என்று ஒரே ஒரு வார்த்தைக்கு வருகிறது. இந்தப் பண்ணையில் டவரும் கிடையாது, வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போனால்தான் போன். உனக்குச் சொல்ல வேண்டியது வாரத்தின் மற்ற ஆறு நாளும் சேர்ந்துகொண்டே போகிறது. அதனால் காகிதம் வாங்கினேன்.

இறைச்சி ஆலையைக் குளிருக்கு மூடிவிட்டார்கள். ஆடு அறுக்கும் வேலை இனி கோடையில்தான். அதுவரை டக்ளஸ் என்ற பெரியவரின் ஆட்டுப் பண்ணையில் இருக்கிறேன். வேலை என்ன தெரியுமா, முயல் சுடுவது. நம்மூரில் எலி எப்படியோ அப்படி இங்கே முயல். ஆட்டுக்கு வளர்த்த புல்லை எல்லாம் தின்றுவிட்டு, குன்று முழுக்க வளை தோண்டி வைத்திருக்கின்றன.

துப்பாக்கி ஒல்லியானது. ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். எனக்கு உரிமம் இல்லை என்பதால் டக்ளஸ் எப்போதும் கையெட்டும் தூரத்தில் நிற்பார். முதல் நாள் மேசையில் மூன்று பெட்டிகளை வைத்து, எது தோதோ எடுத்துக்கொள் என்றார். ஒன்று வேகமானது, முனையில் குழி உள்ளது. உள்ளே போனதும் விரிந்து, முயல் நின்ற இடத்திலேயே முடிந்துவிடும். இன்னொன்று மெதுவானது, சத்தம் குறைந்தது, முனை கெட்டியானது. மூன்றாவது பாம்புக்காம். இந்த நாட்டில் பாம்பே கிடையாது, எதற்கு வைத்திருக்கிறாரோ.

நான் சத்தம் குறைந்ததை எடுத்தேன். ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். ஏழு வருஷமாக அறுக்கிற கை இது. அல்லாஹ்வின் பேரைச் சொல்லாமல் ஓர் உயிரையும் தொட்டதில்லை. தோட்டாவிலேயே செத்துவிட்டால் அது வெறும் சவம். மெதுவான தோட்டா பட்டால் முயல் விழுந்தாலும் மூச்சு இருக்கும். கத்தியோடு ஓடிப்போய் முறைப்படி அறுத்துவிடலாம். ஒரு சங்கடம், வேகம் பத்தாததால் துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொள்கிறது.

நான் செய்வது சரிதானா என்று நம் பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டு எழுது. இதில் நம் காரியமும் இருக்கிறது. செப்டம்பர் கடைசிக்குள் கீழ்க்குன்றில் முயல் குறைந்தால், ஆற்றோரம் இருக்கும் சின்ன வீட்டை எனக்குத் தருவதாக டக்ளஸ் சொல்லியிருக்கிறார். நிரந்தர வேலை, உன்னை அழைத்துக்கொள்ளக் காகிதம், எல்லாம். காலையில் பனிமூட்டம் ஆற்றிலிருந்து எழுந்து அந்த வீட்டைச் சுற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரம் சன்னல் மட்டும்தான் தெரியும். அதில் உன்னை நிறுத்திப் பார்க்கிறேன்.

உன் துஆவை எதிர்பார்க்கும்,
ரசீத்


மேலப்பாளையம்
9 ஜூன் 2025

அன்பு மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நானும் மாமியும் சுகம். தைலம் மாமிக்குக் கேட்கிறது, மாமிதான் தைலம் சொல்வதைக் கேட்பதில்லை, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனி பிறக்கும் முன்னே காற்று அடிக்கிறது. குற்றாலத்துச் சாரல் இரண்டு துளி நம் தெருவரை வந்துவிட்டுப் போகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ஒரு கனவு. தாமிரபரணியில் தண்ணீரே இல்லை, மணல் மட்டும். மணல் முழுக்க முயல்கள் உட்கார்ந்திருந்தன. நான் நடக்க நடக்க விலகி வழி விட்டன. எங்கேயும் சத்தமே இல்லை. பாலத்தின் மேல் பஸ் போகிறது, அதற்கும் சத்தமில்லை. நீங்கள் அக்கரையில் நின்று ஏதோ சொல்கிறீர்கள், வாய் மட்டும் அசைகிறது.

துப்பாக்கி சிக்குகிறது என்று எழுதியிருந்தீர்களே. அந்தத் தோட்டா மெதுவாகப் போவதால், அடுத்ததை ஏற்றுகிற போல்ட்டைப் பின்னால் தள்ளப் போதுமான உதை இருக்காது. அதோடு குளிரில் எண்ணெய் கட்டிப்போயிருக்கும். பழைய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மெல்லிய எண்ணெயாக இரண்டே சொட்டு விடுங்கள். அதிகம் விட்டால் அழுக்குதான் ஒட்டும். காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கும் இதே கதைதான்.

ஹஜரத்திடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டு எழுதுகிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
உங்கள் தஸ்லிமா


தெற்குத் தீவு
27 ஜூன் 2025

என் தஸ்லிமாவுக்கு,

ஸலாம். இருமல் வந்து போய்விட்டது, கவலைப்படாதே. உங்கள் இருவருக்கும் ஆண்டவன் சுகம் தரட்டும்.

நீ சொன்னபடி துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். துப்பாக்கி இப்போது சிக்குவதில்லை. டக்ளஸ் "யார் சொன்னது" என்று கேட்டார். என் மனைவி என்றேன். அவள் என்ன மெக்கானிக்கா என்றார். பீடி சுற்றுகிற வீட்டில் பிறந்தவள் என்றேன், அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. போல்ட்டு, உதை, ஸ்டார்ட்டு எல்லாம் உனக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொரு சந்தேகம். போன வெள்ளி மணிராஜ் அண்ணாச்சி போனில் வந்து, "ஒம்ம வீட்டுக்காரி கெட்டிக்காரி வே, கேட்டுல என்ன லாவகமா..." என்று ஆரம்பித்தார். உம்மா போனைப் பிடுங்கி, மீன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். எந்தக் கேட்டு, என்ன லாவகம்?

வேலை மெதுவாகத்தான் போகிறது. அந்தியில் குன்றெல்லாம் நீலமாகிவிடும். அந்த நீலத்திலிருந்து முயல்கள் ஒவ்வொன்றாக எழுந்து உட்காரும், மண்ணே காது முளைத்த மாதிரி. சுடுகிறேன், ஓடுகிறேன், பிஸ்மில்லா சொல்லி அறுக்கிறேன், மூச்சு வாங்கத் திரும்பி வருகிறேன். அதற்குள் மற்றதெல்லாம் வளைக்குள் போய்விடும். டக்ளஸ் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்று முயல்கள் அடிபட்டும் கையில் சிக்காமல் உடம்பை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டன. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஹஜரத் என்ன சொன்னார்?

உன் நினைவோடு,
ரசீத்


மேலப்பாளையம்
14 ஜூலை 2025

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் நலம். இருமலுக்கு மிளகைத் தட்டிப் போட்டுக் குடியுங்கள், அங்கே மிளகாவது கிடைக்குமா?

மணிராஜ் அண்ணாச்சி பேச்சை எல்லாம் எடுத்துக்கொள்ளாதீர்கள். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் கூட்டத்தில் சிக்கினபோது நான் அவருக்கு வழி விட்டேன், அதைத்தான் பெரிதாகச் சொல்கிறார். எண்ணெய் விஷயம் பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பீர் மைதீன் அண்ணன் சொன்னது. ஒரு வேலையாகப் பேட்டைக்குப் போயிருந்தேன்.

ஹஜரத்துக்கு உடம்பு சரியில்லை. தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

அந்தக் கனவு திரும்ப வந்தது. இந்தமுறை முயல்கள் என்னைப் பார்க்கவே இல்லை, எல்லாம் அக்கரையைப் பார்த்தபடி இருந்தன. விடிந்து எழுந்தபோது காலில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

வேலை இருக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.
தஸ்லிமா


தெற்குத் தீவு
30 ஜூலை 2025

அன்புள்ள தஸ்லிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை. மிளகு கிடைக்கிறது, தட்டிப் போட்டுத் தரத்தான் ஆளில்லை.

உன் கடிதம் அரைப் பக்கம்தான் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோபமா என்மேல்?

முயல் கத்தும் என்று உனக்குத் தெரியுமா? எனக்கு முந்தாநாள்வரை தெரியாது. எத்தனை ஆட்டை அறுத்திருப்பேன், இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. கைக்குழந்தை அழுகிற மாதிரியே இருந்தது. பின்னங்காலில் பட்டு, வளைக்குள் பாதி போய், பாதி வெளியில் கிடந்து கத்தியது. நான் போவதற்குள் முழுசாக உள்ளே போய்விட்டது. மண்ணுக்கு அடியில் கொஞ்ச நேரம் கேட்டது. டக்ளஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்படி வளைக்குள் போனது இதோடு ஏழு.

மனிதர் அன்றைக்குத்தான் வாய் திறந்தார். "ரசீத், உன் கத்தியில் எனக்குக் குறை இல்லை. உன் தோட்டாப் பெட்டியில்தான் குறை" என்றார். நான் வீட்டிலிருந்து பதில் வரவேண்டும் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

சின்ன வீட்டின் கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்தோம். உள்ளே என்ன நிறம் வேண்டும் என்று உன்னைக் கேட்கச் சொன்னார். ஹஜரத் எழுந்து நடமாடுகிறாரா?

ரசீத்


தெற்குத் தீவு
21 ஆகஸ்ட் 2025

தஸ்லிமா,

ஸலாம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை நீ போனுக்கும் வரவில்லை. வெளியே போயிருக்கிறாள் என்றாள் உம்மா, பின்னால் யாரோ சிரித்தார்கள். நீ சுகமாக இருந்தால் போதும்.

பெட்டியை மாற்றிவிட்டேன். பதினொன்றாவது முயல் வளைக்குள் போன அன்று, ஹஜரத் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இது முடிந்தது என்று தோன்றியது. இப்போது குழிமுனைத் தோட்டாதான். சத்தம் குன்றுக்குக் குன்று எதிரொலிக்கிறது, துப்பாக்கி ஒருமுறைகூடச் சிக்கவில்லை, முயல் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுகிறது. அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. நான் சாப்பிடுவதில்லை, டக்ளஸின் நாய்களுக்குப் போகிறது. சுடுவதற்கு முன்னால் பேரைச் சொல்லத்தான் செய்கிறேன். அது எனக்காக.

கீழ்க்குன்று இரண்டே வாரத்தில் அமைதியாகிவிட்டது. வீட்டுக் காகிதம் மேசையில் இருக்கிறது. செப்டம்பர் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நீ ஒரு வரி எழுது.

ரசீத்


மேலப்பாளையம்
8 செப்டம்பர் 2025

என் மச்சானுக்கு,

உங்கள்மேல் ஸலாம் உண்டாகட்டும். நான் சுகம், மாமி சுகம். இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்வரை அந்தச் சுகம் எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

ஹஜரத்துக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றைக்கே, அஸர் தொழுகைக்குப் பிறகு, அவர் வீட்டு வாசலில் வைத்துக் கேட்டுவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏம்மா, கொல்லத்தான் வேணும்னு ஆயிப்போச்சுன்னா ஒரே அடியில முடிச்சிரணும். திங்கதுக்கு ஆசப்பட்டு அதத் துடிக்க விடக் கூடாது. சுட்டுச் செத்தத திங்காண்டாம், அம்புட்டுதான். ஒம் மாப்பிள்ளைட்ட பைய எடுத்துச் சொல்லு."

பையவும் சொல்லவில்லை, வேகமாகவும் சொல்லவில்லை. மூன்று மாதம் மறைத்து வைத்தேன். ஹஜரத் பேச்சைக் கேட்டால் நீங்கள் அன்றைக்கே பெட்டியை மாற்றுவீர்கள், முயல் குறையும், வீடு கிடைக்கும், நான் கிளம்ப வேண்டும். நீங்கள் கத்தியோடு ஓடுகிறவரை அந்த வீடு தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டேன். மண்ணுக்கு அடியில் அது கத்தியதை நீங்கள் எழுதினீர்கள் பாருங்கள், அதற்குப் பிறகு எனக்குப் பேனா ஓடவில்லை. அந்தச் சத்தத்துக்குக் காரணம் நான்தான்.

ஏன் வரப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி தாஜ் முகம்மது அரபு நாட்டு வேலைக்காகத் தம்மாமுக்குப் போகும்போது ஆட்டோவைச் சந்துக்குள் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துவிட்டுப் போனான். தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போவேன். ஒருநாள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் ஆட்டோ ஓட்டுகிற சாலோமி அக்காதான் சொல்லிக் கொடுத்தாள். சந்தை இல்லாத நாட்களில் மாட்டுச் சந்தைத் திடலில் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். "ஏட்டி, பிரேக்க மிதி, ஆண்டவரக் கூப்புடாத" என்று என்னை ஏசுவாள். லைசென்ஸ் எடுத்தேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து நம் தெருப் பெண்பிள்ளைகளைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறேன், ஆறும் ஐந்துமாக இரண்டு நடை. ஹஜரத்தின் பேத்தியும் என் வண்டியில்தான்.

மாமிக்கு முதல் நாளே தெரியும். "நீயே சொல்லு அவன்ட்ட, நான் சொன்னா மூட்டிவிட்ட மாதிரி ஆயிரும்" என்றார்கள். தெரு முழுக்கத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்னால் திரும்ப அந்தத் தார்ப்பாயைப் போட்டு மூட முடியாது.

இரண்டாவது நடைக்குப் போகும்போது பாளையங்கால்வாய்த் தண்ணீரில் வெயில் படும். ரோடு எனக்கென்றே போட்ட மாதிரி நீண்டு கிடக்கும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, மச்சான். உங்களையும் பிடித்திருக்கிறது. அந்தச் சன்னலில் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் என்னால் முடியாது.

என்ன வேண்டுமானாலும் ஏசி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தஸ்லிமா


தெற்குத் தீவு
26 செப்டம்பர் 2025

தஸ்லிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாகவே இரு.

கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். மீன்காரருக்குத் தெரிந்தது, பேட்டை மெக்கானிக்குக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் உன் கடிதத்தைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் குன்றில் உட்கார்ந்திருக்கும்போது "போல்ட்டைத் தள்ள உதை போதாது" என்று நீ எழுதியது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். டக்ளஸ் பயந்துபோனார்.

இப்போது என் பங்கையும் கேள். ஹஜரத்தின் நம்பர் என் போனில் இருக்கிறது. எந்த வெள்ளிக்கிழமையும் நானே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்றாவது முயல் தப்பியபோதே பெட்டி தவறென்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டிலிருந்து பதில் வரட்டும், வரட்டும் என்று உன்மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். அந்தச் சன்னலில் உன்னை நிறுத்திப் பார்ப்பேன் என்று எழுதினேன் அல்லவா? ஒவ்வொரு முறையும் நீ வெளியே பார்த்துக்கொண்டே இருப்பாய். வெளியே யாருமே இருக்க மாட்டார்கள். இதை நான் உனக்கு எழுதவில்லை. உன்னைக் கொண்டுவந்து அங்கே வைக்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஆக, வளைக்குள் போன அந்தப் பதினொன்றும் உன் கணக்கில் மட்டும் இல்லை. பாதி என்னுடையது. நான் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. நீயும் கேள்.

காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. டக்ளஸிடம் சொன்னேன். பச்சைக் கதவைப் பார்த்துவிட்டு, "சரி, முயல்களுக்குச் சந்தோஷம்" என்றார். அந்த வீட்டை நினைத்தால் எனக்கும் துக்கம்தான், அதை மறைக்கவில்லை. ஆலை டிசம்பரில்தான் திறக்கும். நவம்பர் எட்டாம் தேதி காலை ரயிலில் ஜங்ஷனில் இறங்குகிறேன். ஒரு மாதம் இருப்பேன். மேற்கொண்டு என்ன செய்வது என்று ஸ்பீக்கர் இல்லாமல் இரண்டு பேரும் பேசுவோம்.

ஜங்ஷனிலிருந்து மேலப்பாளையத்துக்கு ஒரு ஆட்டோ சொல்லி வை. ஓட்டுகிறவர் நிதானமானவராக இருக்க வேண்டும்.

ரசீத்


மேலப்பாளையம்
14 அக்டோபர் 2025

என் மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. நானும் மாமியும் சுகம். மாமி இப்போதே உங்களுக்கு முறுக்குச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள், வருவதற்குள் நாங்களே தின்று முடித்துவிடுவோம்.

ஆட்டோ சொல்லியாயிற்று. ஓட்டுகிறவர் நிதானம்தான், கேட்டில் மட்டும் கொஞ்சம் முந்துவார். மாமியும் வருகிறேன் என்கிறார்கள். நீங்கள் பின்சீட்டில் உம்மாவோடு உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வர வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் கரைமுட்ட ஓடுகிறது. கனவு நின்றுவிட்டது. மணல் மூழ்கிவிட்டதால் முயல்கள் எங்கே போயிருக்கும் என்று மட்டும் பாலத்தைத் தாண்டும்போது நினைத்துக்கொள்வேன்.

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தேன். பதினொன்று என்று நீங்கள் இரண்டாவது தடவை எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. ஆறும் ஐந்தும், என் வண்டியில் ஏறுகிற பிள்ளைகளும் பதினொன்று. இத்தனை நாள் நான் எண்ணியதே இல்லை, சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கினதும் வண்டியை எடுத்துவிடுவேன். இப்போது ஒவ்வொருத்தியும் இறங்கி, வாசற்படி ஏறி, உள்ளே போகும்வரை நிற்கிறேன். ஹஜரத்தின் பேத்திதான் கடைசி. மழையில் நனைந்துகொண்டே திரும்பிப் பார்த்து, "ஏன் நிக்கியோ, போங்கக்கா" என்கிறாள். நான் போவதில்லை. அவள் உள்ளே போய், கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் கிளம்புகிறேன்.

இன்றைக்கும் பதினொன்றும் வீடு போய்ச் சேர்ந்தன.

உங்கள் தஸ்லிமா